வாவிக்கரையில் முதல் வாக்கியம்

அத்தியாயம் பதினான்கு

வெள்ளைச் சேர்ட்டின் காலரை ராஜலிங்கம் மீண்டும் மீண்டும் அயன் செய்துகொண்டிருந்தார். மேசைமேல் மடித்து விரித்த பழைய போர்வையிலிருந்து சூடான பருத்தியின் வாசனை எழுந்தது. குண்டசாலைச் சந்தியிலுள்ள ஹார்ட்வெயார் கடையில் நாள் முழுதும் சீமெந்து மூட்டைகளோடு பழகுகிற கைகள் அவை. மகனின் சேர்ட்டைத் தொடும் முன் அவற்றைச் சவர்க்காரமிட்டுக் கழுவிக்கொள்ளாமல் அவர் ஒருநாளும் இருந்ததில்லை.

"போதுங்க. துணி கருகிடப் போவுது," என்று அடுப்படியிலிருந்து பாப்பம்மா குரல் கொடுத்தாள்.

"ஃப்ரன்ட் ஒஃபிஸ்ல நிக்கிற பிள்ள. கசங்கின காலரோட நின்னா ஹோட்டலுக்குத்தான் மானக்கேடு."

"ஹோட்டலுக்கே மொதலாளி மாதிரி பேசுறத பாரு," என்றாள் பாப்பம்மா. ஆனாலும் அவள் குரலில் பெருமையே மிகுந்திருந்தது.

இரண்டு மாதங்களாக இந்த வீட்டின் காலைகள் இவ்வாறுதான் விடிகின்றன. நேர்முகப் பரீட்சைகளில் தோற்றுத் தோற்று வாய் திறக்கவே கூசிப்போயிருந்த நிரோஷன், ஒரு மாலையில் வீடு திரும்பி, கண்டி வாவிக்கரையிலுள்ள பெரிய ஹோட்டலில் வேலை கிடைத்துவிட்டதாக அறிவித்தான். அன்றிலிருந்து ராஜலிங்கத்தின் நடை நிமிர்ந்தது. மூத்தவள் சுதர்சினிக்குக் கடுகண்ணாவையிலிருந்து வந்த சம்பந்தமும் அந்த வேலையின் வெளிச்சத்திலேயே நெருங்கி வந்தது. "தம்பி பெரிய எடத்துல இருக்காராமே," என்று மாப்பிள்ளை யுகேஷின் தந்தை இராமநாதன் ஒருமுறை கேட்டதை, ராஜலிங்கம் அதற்குப் பின் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டார்.

நிரோஷன் தலைவாரி வந்து சேர்ட்டை வாங்கிக்கொண்டான்.

"டேய், நாளைக்கு ஞாயித்துக்கெழம. கடுகண்ணாவக்காரங்கள ஒன் ஹோட்டலுக்கே பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கேன். நேத்தே ஃபோன்ல சொல்லிட்டேன்," என்றார் ராஜலிங்கம்.

பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"அங்க எதுக்குப்பா? ஸ்டாஃப் வீட்டு ஆளுங்க வந்தா அவங்களுக்குப் பிடிக்காது."

"நாம என்ன ஓசியிலயா சாப்பிடப் போறோம்? ஒங்க மெனேஜரப் பாத்து நான் ஒரு வார்த்த பேசணும். சம்பந்தி முன்னாடி பேசணும். அவ்வளவுதான்."

"ஆமாண்டா, வேட்டி கட்டிக்கிட்டு வர்ற அப்பாவப் பாத்தா வெக்கமா இருக்கோ?" என்று சுதர்சினி சிரித்தாள். அந்தத் தயக்கத்தை அவள் வெறும் கூச்சமென்றே எடுத்துக்கொண்டாள். தம்பி அவள் கண்களைப் பார்க்காமல் வாசலில் இறங்கினான்.

சுதர்சினி ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி ஆசிரியை. கண்டி நகரின் மாடியறையொன்றில், சனிக்கிழமைகளில், கடைக்காரர்களின் பிள்ளைகளும் தோட்டத்துப் பிள்ளைகளும் அவளிடம் பயில்கிறார்கள். முன்பின் அறியாத ஒருவரோடு ஆங்கிலத்தில் பேச்சைத் தொடங்குவது எப்படி என்பதே அவள் வகுப்பின் கடைசிப் பாடம். அந்தப் பாடத்தை அவள் அறைக்குள் நடத்துவதில்லை. பிள்ளைகளை வாவிக்கரைக்கு அழைத்துச் சென்று, சுற்றுலாப் பயணிகளில் ஒருவரைத் தாமாகவே தேர்ந்தெடுத்துப் பேசும்படி விடுவாள்.

"முதல் வாக்கியத்துல யாருகிட்டயும் எதையும் கேக்காதீங்க," என்று அன்றும் சொன்னாள். "எந்த நாடு, எந்த ஹோட்டல், கல்யாணம் ஆச்சா, ஒண்ணும் வேணாம். ஒங்களுக்கும் அவங்களுக்கும் பொதுவா ஒரு விசயம் இருக்கும். அதச் சொல்லுங்க. பொதுவா ஒண்ணு கெடச்சிட்டா மனுசங்க மொகத்தத் திருப்ப மாட்டாங்க."

இந்த விதியை அவள் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. நேர்முகப் பரீட்சைகளுக்காகத் தம்பிக்கு ஆங்கிலம் பழக்கியபோது, அடுப்படியில், அவளே கண்டடைந்தது.

அன்று முறை நஸ்லியாவுடையது. திகனவில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள். வகுப்பில் எழுத்தில் முதலாவது, பேச்சில் கடைசி.

"மிஸ், எனக்கு ஏலா மிஸ். நெஞ்சு படபடண்டு அடிக்குது."

"அடிக்கட்டும். அது பேசாது, நீதான் பேசணும்."

"மிஸ்ஸுக்கு எல்லாம் பகிடிதான்," என்று முனகியபடி நஸ்லியா சுற்றும்முற்றும் பார்த்தாள்.

வாவியின் அந்தப் பக்கத்தில் மரங்கள் நடைபாதையின் மேல் கவிந்திருந்தன. கிளைகள் முழுதும் நீர்க்காகங்கள். கீழே கற்கள் எச்சத்தால் வெளுத்துக் கிடந்தன. வெயில் ஏற ஏற அழுகிய மீனின் நாற்றம் தொண்டைக்குள் இறங்கியது. ஊர்க்காரர்கள் மழையில்லாத நாளிலும் அந்த இடத்தில் குடை விரித்தே நடப்பார்கள். குடையில்லாமல், அதுவும் பெஞ்சில் அமர்ந்திருப்பவர் வெளியூர்க்காரராகவே இருக்க முடியும்.

அவ்வாறு ஒரு வெள்ளைக்காரப் பெண் அமர்ந்திருந்தாள். நரைத்த தலை, மடியில் துணிப்பை, கண்கள் நீரின் மேல். நஸ்லியா அவளையும் மரத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்தது. பொதுவான விசயம் கிடைத்துவிட்டது.

அருகே சென்று, நல்ல ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்: "எக்ஸ்கியூஸ் மீ, மேடம். தயவுசெய்து இந்த இடத்தில் அமராதீர்கள். மேலே பறவைகள் இருக்கின்றன."

சற்றுத் தள்ளி நின்ற சுதர்சினிக்கு உள்ளம் குளிர்ந்தது. எதையும் வேண்டாத, எதிரிலிருப்பவரின் நன்மையை மட்டுமே கருதிய வாக்கியம். இதைவிடச் சிறந்த தொடக்கத்தை அவளாலும் சொல்லித் தந்திருக்க முடியாது.

அந்தப் பெண் தலை நிமிரவில்லை. "போய்விடு," என்றாள்.

"மேடம், நான் ஒரு மாணவி..."

"முந்தாநாள் ஒருவன் என் ஹோட்டலின் சமையற்காரன். இன்று நீ மாணவி. போய்விடு என்றேன்!" அவள் குரல் உயர்ந்தது. கடலை விற்கிறவர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண்ணின் உதடுகள், நாவில் பட்ட ஏதோவொன்றைத் துப்ப விரும்புவனபோல் கோணியிருந்தன.

நஸ்லியாவின் கண்கள் நிறைந்தன.

அந்த வேளையில் மேலிருந்து ஒரு நீர்க்காகம் தன் வேலையைச் செய்தது. வெண்மையும் பசுமையும் கலந்த எச்சம் அந்தப் பெண்ணின் தோளில் விழுந்து, பிளவுஸ் வழியே கீழே வழிந்தது.

பின்னால் நின்ற மாணவர்களில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். சுதர்சினி விரைந்து சென்று, கைப்பையிலிருந்த டிஷூவையும் தண்ணீர்ப் போத்தலையும் நீட்டினாள். அந்தப் பெண் தோளைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், இறுதியில் நஸ்லியாவைப் பார்த்தாள். கோபம் வடிந்த முகத்தில் வெட்கம் படிந்தது.

"இந்தச் சிறுமி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். என்னை மன்னியுங்கள்."

"பரவாயில்லை," என்றாள் சுதர்சினி. அவளைத் தன் குடைக்குள் அழைத்துக்கொண்டு மரநிழலைக் கடந்து, எச்சத்தைத் துடைக்க உதவினாள். அந்த நாற்றம் அவள் துப்பட்டாவின் நுனியிலும் ஒட்டிக்கொண்டது.

அதன்பின் அந்தப் பெண் சொன்னவை எல்லாம் ஆங்கிலத்தின் மென்மையான, மன்னிப்புக் கோரும் தொனியிலேயே இருந்தன.

முந்தாநாள் இதே கரையில் ஒரு வாலிபன் அவளிடம் வந்து, "என்னைத் தெரியவில்லையா, மேடம்? சமையற்காரத் தொப்பி இல்லாததால் அடையாளம் தெரியவில்லை போலும். நீங்கள் தங்கியிருக்கிற ஹோட்டலின் சமையலறையில்தான் வேலை செய்கிறேன். காலையில் உங்கள் முட்டையைப் பொரித்தவன் நானே," என்று சிரித்திருக்கிறான். தன் முட்டையைப் பொரித்தவனை எவ்வாறு மறந்தேன் என்று அவள் கூசிப்போனாள். பக்கத்தில் நடந்தான். கண்டியின் வீதிகளைக் காட்டினான். இரத்தினக்கல் கடையொன்றுக்கு அழைத்துச் சென்றான். அங்கே அவள் எதையும் வாங்கவில்லை என்றதும், கடை வாசலில் நின்று கண் கலங்கினானாம்.

"அவனுடைய தந்தை மண்சரிவில் இறந்துவிட்டார். கிரியைகளைச் செய்ய வழியில்லை. திருமணத்துக்கு ஒரு தமக்கை வேறு இருக்கிறாள். என் தந்தையும் இப்படி ஒரு மழைக்காலத்தில்தான் போனார். நான் அந்த வீதியிலேயே அழுதுவிட்டேன். கையிலிருந்ததைக் கொடுத்தேன்."

மறுநாள் காலை உணவின்போது, அந்த வாலிபனுக்குத் தன் அனுதாபத்தைத் தெரிவிக்கும்படி அவள் பரிமாறுபவரிடம் கூறினாள். அவர் புரியாமல் சமையலறைக்குப் போய்க் கேட்டு வந்தார். அப்படி யாரும் அங்கே இல்லை. வாவிக்கரையில் இது வழமையான தந்திரம் என்று சங்கடத்தோடு விளக்கினார்.

"கொடுத்ததற்காக நான் வருந்தவில்லை. என் தந்தையை நினைத்து அழுத அழுகையை அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதுதான் அருவருப்பாக இருக்கிறது."

கைபேசியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். அன்று அவளே விரும்பி எடுத்தது.

படத்தில் நிரோஷன் நின்றான்.

சிரிக்கவில்லை. துக்கத்திலிருக்கும் ஒருவன் எவ்வாறு நிற்பானோ அவ்வாறு, தோள்களைச் சற்றே தொங்கவிட்டு, பார்வையைத் தாழ்த்தி நின்றான். அந்தத் துக்கத்துக்கு மேலே, இறந்துபோன தந்தை அயன் செய்து கொடுத்த காலர் ஒரு மடிப்பும் கலையாமல் நிமிர்ந்திருந்தது.

"மிஸ், இது..." என்று தொடங்கிய நஸ்லியா சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். வேலை கிடைக்கும் முன் வகுப்புக்கு அக்காவின் பகலுணவைக் கொண்டுவந்து கொடுத்த நிரோஷனை அவள் பல தடவை பார்த்திருக்கிறாள்.

"இவனை உங்களுக்குத் தெரியுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

சுதர்சினி தன் வாழ்நாளில் எத்தனையோ ஆங்கில வாக்கியங்களைக் கவனமாகக் கட்டியிருக்கிறாள். இப்போது ஒரு சொல்லே போதுமாயிருந்தது.

"நோ," என்றாள்.

அந்தச் சொல் வாயைவிட்டு எவ்வளவு இலகுவாக வெளியேறியது என்பதே அவளைத் திடுக்கிட வைத்தது. பிழையில்லாத உச்சரிப்பு. தடுமாற்றமில்லாத குரல். இந்தத் திறமையும் தம்பியின் திறமையும் ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் விளைந்தவை.

"திங்கள் வரை அந்த ஹோட்டலில்தான் இருப்பேன். எப்போதாவது அவனைக் கண்டால், அவன் தந்தைக்காக நான் உண்மையாகவே அழுதேன் என்று சொல்லுங்கள்," என்று கூறி அந்தப் பெண் நடந்தாள்.

மாணவர்கள் கலைந்த பிறகும் நஸ்லியா போகவில்லை. புத்தகப்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"நான் ஒண்டும் பாக்கல்ல மிஸ்."

"பாத்த, நஸ்லியா."

"பாத்தன். ஆனா வாயத் தொறந்து செல்ல மாட்டன். ஏண்ட உம்மாக்கிட்டயும் செல்ல மாட்டன்." பின் மெல்லிய குரலில் கேட்டாள்: "மிஸ், இனி நாங்க இங்க வந்து பேசினா, அவங்க எல்லாரும் எங்களையும் அப்பிடித்தானே பாப்பாங்க?"

திகன பஸ் வரும்வரை சுதர்சினி அவளோடு நின்றாள்.

நிரோஷன் வீடு திரும்பியபோது வெயில் இன்னும் முற்றாகத் தணியவில்லை. சேர்ட்டைக் கழற்றிக் கதிரையின் முதுகில் போட்டுவிட்டு, சாரமும் பெனியனுமாக வீட்டின் பின்புறத்துத் தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவினான். சுதர்சினி அங்கே வந்து நின்றாள். பாப்பம்மா கடைக்குப் போயிருந்தாள். ராஜலிங்கம் முன்னறையில் யாரோடோ தொலைபேசியில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

"முட்ட நல்லாப் பொரிப்பியாமே," என்றாள் அவள்.

அவன் கைகள் முகத்திலேயே நின்றன. குழாய் நீர் வீணே ஓடியது.

"யார் சொன்னா?"

"நீ அழ வச்ச பொம்பள."

அவன் மறுக்கவில்லை. குழாயை மூடினான். மறுத்திருந்தால்கூட அவளுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

"எத்தன எடத்துக்குப் போனேன்னு ஒனக்குத் தெரியும்," என்றான். "இந்த ஹோட்டல்லயும்தான். உள்ள கதிரையில ஒக்கார வச்சு, நான் பேசுறதக் கேட்டுட்டு, ஒருத்தன ஒருத்தன் பாத்துச் சிரிச்சானுங்க. வாசலுக்கு வெளிய வந்து நின்னேன். அதே இங்கிலீஷ். ஒரு வெள்ளக்காரன் நின்னு கேட்டான்க்கா. எல்லாத்தையும் கேட்டான்."

"கேட்டான். நீ கடைக்குக் கூட்டிட்டுப் போன. கொமிஷன் வாங்கின."

"நீதானே சொல்லிக்குடுத்த? பொதுவா ஒரு விசயத்த எடு, மொகத்தத் திருப்ப மாட்டாங்கன்னு. அவங்களுக்கும் எனக்கும் என்னா பொது? அந்த ஹோட்டல்தான். அவங்க உள்ள இருக்காங்க, நான் வெளிய இருக்கேன்."

பறவை எச்சத்தின் நாற்றம் அவள் துப்பட்டாவிலிருந்து இன்னும் எழுந்துகொண்டிருந்தது. வந்தவுடனேயே அதைக் கழுவியிருந்தாள். போகவில்லை.

"அப்பாவ ஏன்டா கொன்ன?"

அவன் சாரத்தின் நுனியால் முகத்தைத் துடைத்தான். விடை சொல்லும்போது, கணக்கொன்றை விளக்குபவனைப் போல அவன் குரல் மிக இயல்பாயிருந்தது.

"மொதல்ல அம்மான்னுதான் சொல்லிப் பாத்தேன். அம்மான்னா நெறையக் கேள்வி கேக்குறாங்க. என்னா வருத்தம், எந்த ஆஸ்பத்திரி, எத்தன வயசு... அப்பான்னா கேக்குறதில்ல. தோளத் தட்டிட்டுப் பேசாம நிக்கிறாங்க."

அவன் பொய் சொன்னது அல்ல சுதர்சினியைத் தாக்கியது. எந்தப் பிணம் நன்றாக விலைபோகும் என்று அம்மா, அப்பா இருவரையும் வைத்து அவன் சோதித்துப் பார்த்திருக்கிறான். அடுப்படியில் தம்பி தடுமாறும்போதெல்லாம், "மறுபடி சொல்லு, வேற மாதிரி சொல்லிப் பாரு," என்று ஊக்கிய குரல் அவள் காதில் கேட்டது. அந்தக் குரல் அவளுடையதே.

"நாளைக்கு அந்த ஹோட்டலுக்குப் போறோம்," என்றாள் மெதுவாக. "அந்தப் பொம்பள திங்கக்கெழம வரைக்கும் அங்கதான் இருக்கா."

அப்போதுதான் அவன் முகம் வெளிறியது.

"அக்கா, எப்பிடியாவது நிப்பாட்டு. காய்ச்சல்னு படுத்துக்க. பொண்ணுக்கு ஏலாதுன்னா அவங்க வர மாட்டாங்க."

"இப்ப என் மொறையா? அப்பா செத்தாச்சு, அக்காவுக்குக் காய்ச்சலா?"

"ஒனக்காகத்தான்க்கா சொல்றேன். தெரிஞ்சா ஒன் கல்யாணம்..."

"என் கல்யாணத்தையும்தான் அந்தக் கடை வாசல்ல வச்சு வித்துட்டியே. இன்னைக்கு ராவு சாப்பாட்டுக்கு முன்னாடி நீயே அப்பாகிட்டச் சொல்ற. இல்லாட்டி நான் சொல்றேன்."

"அவரு தாங்க மாட்டாரு."

"செத்தவருக்கு என்னாடா தாங்குறதுக்கு?"

சொன்ன பின்னரே அந்தச் சொற்களின் கசப்பு அவள் நாவில் ஊறியது. பின்கதவின் பலகை கிறீச்சிட்டது.

ராஜலிங்கம் நின்றார். கையில், நாளைக்கென்று இன்றே அயன் செய்த அவருடைய சொந்தச் சேர்ட். அதன் தோள்களைப் பிடித்து, குழந்தையை ஏந்துபவர் போலத் தூக்கி வைத்திருந்தார். எதையும் கேட்டவர் போலத் தெரியவில்லை. முகம் முழுதும் கூச்சம் கலந்த சிரிப்பு.

"ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்களா? சம்பந்திகிட்டப் பேசிட்டேன். பன்னெண்டு மணிக்கெல்லாம் வந்துருவாங்களாம்." சற்றுத் தயங்கினார். "சுதா, ஒண்ணு கேட்டுச் சொல்லு. மொதலாளி மகன்கிட்டக் கேட்டுப் பாடமாக்கி வச்சிருக்கேன். அந்த மெனேஜர்கிட்டப் பேசுறதுக்கு. பிழையிருந்தா சிரிக்கக் கூடாது."

சேர்ட்டை மகளின் கையில் கொடுத்தார். தொண்டையைச் செருமினார். கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டார். அந்த உயரமான, சீமெந்துத் தூசி படிந்த மனிதர், அறியாத ஒருவரோடு பேசுவதற்கென்று தம் வாழ்வில் முதன்முதலாகச் சேகரித்த ஆங்கிலத்தை உதிர விடாமல் வெளியே கொண்டுவந்தார்.

"குட் ஆஃப்டர்நூன், சேர். ஐ ஆம் நிரோஷன்ஸ் ஃபாதர்."

குழாயிலிருந்து ஒரு சொட்டு நீர் கீழிருந்த வாளிக்குள் விழுந்தது.

"பிழையா?" என்று ராஜலிங்கம் கவலையோடு கேட்டார்.

"இல்லப்பா," என்றாள் சுதர்சினி. காலையில் அந்த ஒற்றைச் சொல்லை அத்தனை இலகுவாகச் சொன்ன நாக்கு இப்போது மிகச் சிரமப்பட்டு அசைந்தது. "ஒரு பிழையுமில்ல. நீங்க சொன்னது எல்லாம் உண்ம." தம்பியை நேராகப் பார்த்தாள். "இவன்தான் மெனேஜர்னு நெனச்சிக்கிட்டு, இவனப் பாத்துச் சொல்லுங்க."

"இவனையா?" ராஜலிங்கம் உரக்கச் சிரித்தார். பின் வேடிக்கையை முறையாகவே செய்ய நினைத்தவராய், மகனுக்கு முன்னால் போய் நின்று, வலது கையை நீட்டினார். விரல்கள் தடித்திருந்தன, நகக்கண்களில் சவர்க்காரத்துக்குப் போகாத சாம்பல் நிறம்.

"குட் ஆஃப்டர்நூன், சேர். ஐ ஆம் நிரோஷன்ஸ் ஃபாதர்."

நிரோஷன் அந்தக் கையைப் பார்த்தான். முகத்திலிருந்து வழிந்த நீரை அவன் துடைக்கவில்லை. வாய் திறந்தது, தமிழிலும் எதுவும் வரவில்லை, ஆங்கிலத்திலும் எதுவும் வரவில்லை.

நீட்டிய கை அந்தரத்திலேயே நின்றது. ராஜலிங்கத்தின் சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது.

"என்னாடா," என்றார், "ஒங்க மெனேஜர் எனக்குக் கை குடுக்க மாட்டாரா?"